தேனீ, காளான், பாக்டீரியா வச்சு கலை பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிருள்ளத வச்சு கலை பண்றப்போ எல்லாரும் பண்ற பெரிய தப்பு, நம்ம கண்காட்சி தேதிய முடிவு பண்ணிட்டு அதுக்குள்ள அந்த உயிர் வளந்து குடுத்துரும்னு நம்புறது.

தேனீயவே எடுத்துக்கோங்க. கனடாவுல அகனேதா டைக் பீங்கான் பொம்மைகள கூட்டுக்குள்ள வச்சு தேனீக்கள அது மேல அடை கட்ட விட்டாங்க, அதப் பாத்துட்டு மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெட்டி வாங்கி நாமளும் வச்சிரலாம்னு ஆசை வரும், தப்பில்ல. ஆனா அங்க உள்ளது மேல்நாட்டுத் தேனீ, நம்ம பெட்டிகள்ல பெரும்பாலும் இருக்கறது நாட்டுத் தேனீ, அடிக்கடி திறந்து பாத்து தொந்தரவு குடுத்தா கூட்டமா பெட்டிய விட்டே ஓடிரும். அதோட மெழுகு சுரக்கணும்னா வயிறு நிறைய தேன் வேணும். நம்ம குமரி மாவட்டத்துல அந்தத் தேன் கெடைக்கறது ரப்பர் எலை உதிர்ந்து தளிர் விடுற தை, மாசில இருந்துதான், பூவுல இல்ல, அந்தத் தளிரோட காம்புல ஊறுற தேன் அது. ஆனி ஆடி மழைல பொம்மைய உள்ள வச்சா அடை கட்டாது, இருக்கற தேனையும் தின்னு தீத்துட்டு கூட்டம் மெலிஞ்சிரும், அப்புறம் மெழுகுப் புழு ஏறிரும். அடைக்குள்ள வெள்ளையா நூலாம்படை மாதிரி சுரங்கம் ஓடும், அதுல கருப்பு எச்சம் பொடிப்பொடியா ஒட்டியிருக்கும், அதப் பாத்தா உடனே பொம்மைய வெளிய எடுத்துருங்க, கலைய விட கூட்டம்தான் முக்கியம். நல்லா முடிஞ்ச அடையக்கூட ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வச்சிட்டுதான் காட்சிக்கு வைக்கணும், இல்லேன்னா உள்ள இருக்கற மெழுகுப் புழுவோட முட்டை பொரிஞ்சு அங்கயே தின்ன ஆரம்பிச்சிரும்.

சிப்பிக் காளான் பூசணத்த அச்சுல வளத்து சிற்பம் பண்றவங்க ரப்பர் மரத்தூள சரியா அவிக்காம விடுறாங்க, நம்ம ஈரக் காத்துல பச்சைப் பூஞ்சை முந்திக்கும். வெள்ளையா நெறஞ்சதும், மொட்டு விடறதுக்கு முன்னாடியே நல்ல சூட்டுல உலத்திருங்க, காளான் விரிஞ்சா அதுல இருந்து பறக்குற ஸ்போர், அதாவது விதைத்தூள், மூடின ரூம்ல மூச்சுக்கு ஆகாது.

பெட்ரி தட்டுல, அதாவது கிருமி வளக்கற மூடி போட்ட சின்னத் தட்டுல, பாக்டீரியா ஓவியம்னா இன்னும் கவனம் வேணும். பென்சிலின் கண்டுபிடிச்ச ஃபிளெமிங்கே அப்பிடி படம் வரைஞ்சவர்தான், ஆனா அவருக்கு எந்தக் கிருமின்னு தெரியும். கைய, செல்போன தடவி வளக்கறப்போ எது வளருதுன்னு நமக்குத் தெரியாது, அதனால மூடிய டேப் போட்டு ஒட்டிட்டு திறக்கவே கூடாது. அழகா சிவப்பா வர்ற செராஷியாங்கற பாக்டீரியாவ ஒரு காலத்துல ஆபத்தில்லாததுன்னு நெனச்சாங்க, இப்ப அது நோய் உண்டாக்கும்னு தெரியும். வீட்டுல பண்றதுன்னா பேக்கரி ஈஸ்ட் போதும். வேலை முடிஞ்சதும் தட்ட அப்பிடியே குப்பைல போடாதீங்க, சமையலுக்கு எடுக்காத தனி குக்கர்ல 20 நிமிஷம் வேகவச்சிட்டு போடுங்க. ஒளிருற ஜீன் போட்ட பாக்டீரியா ஆன்லைன்ல பாத்து ஆர்டர் பண்றதும் வேண்டாம், இங்க அதுக்கு மரபணு மாத்துன உயிர்களுக்கான 1989 விதிப்படி அனுமதி வேணும். முட்டம், குளச்சல் கடற்கரைல கெடக்கற பவளத்தையும் எடுக்காதீங்க, செத்ததா இருந்தாலும் வனவிலங்கு சட்டத்துல குத்தம்தான்.

எப்ப நிறுத்தறதுன்னும் முன்னாடியே பேசிக்கோங்க. ஓரான் காட்ஸ், அயோனாட் ஸுர்னு ரெண்டு கலைஞர்கள் எலி செல்லுல வளத்த, நாம போடுற கோட்டு மாதிரி ஒரு குட்டிச் சட்டை 2008ல நியூயார்க்ல மோமாங்கற நவீன கலை அருங்காட்சியகத்துல வேகமா வளந்து குழாய அடைச்சிருச்சு, கண்காட்சி நடத்துனவங்கதான் ஊட்டத்த நிறுத்தி அத சாகவிட வேண்டியதாச்சு. அந்த முடிவ எடுக்கறது யாருன்னு காட்சிக்கு வைக்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிருங்க.