வாகனத்தில் சிபி ரேடியோ ஆன்டெனா: தேர்வும் பொருத்தும் முறையும்

பொதுமக்கள் குறுந்தொலைவில் பேசிக்கொள்ளப் பயன்படும் இருவழி வானொலியான சிபி ரேடியோ (சிட்டிசன்ஸ் பேண்ட்) இயங்கும் 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதன் கால் பங்கான 2.7 மீட்டர்க் கம்பியே திறன் மிக்கது என்றாலும், அதை வண்டியின் மேல் நிறுத்தினால் முதல் மரக்கிளையே முறித்துவிடும். ஆகவே, கம்பிச்சுருள் வைத்துக் குறுக்கப்பட்ட ஆன்டெனாக்களுள், உங்கள் வழித்தடத்தின் உயரத்துக்கு ஒத்துவரும் மிக நீளமானதைத் தேர்ந்தெடுங்கள்.

வண்டியின் உலோக உடல் ஆன்டெனாவின் மறுபாதியாகச் செயல்படுவதால், கூரையின் நடுப்பகுதியே சிறந்த இடம். காந்த அடித்தளம் எஃகுக் கூரையில்தான் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. தாங்கியைத் திருகிப் பொருத்துவதாயின், அது தொடும் இடத்தில் வெறும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். அழகு கெடுமே என்று பலர் தவிர்க்கும் இந்த வேலையைச் செய்யாவிட்டால், தரை இணைப்பே (வண்டியின் உலோக உடலோடு மின்தொடர்பு) கிடைக்காது. ஆன்டெனாவை ரேடியோவுடன் இணைக்கும் 50 ஓம் கேபிள் கதவிடுக்கில் நசுங்கக் கூடாது.

பிறகு, ரேடியோவுக்கும் கேபிளுக்கும் இடையில் எஸ்டபிள்யூஆர் மீட்டரை (அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் கருவி) இணைத்து, திறந்தவெளியில் கதவுகளை மூடிக்கொண்டு, 1, 40 ஆகிய சேனல்களில் அளவெடுங்கள். 40இல் அளவு கூடுதலாக இருந்தால் கம்பி தேவைக்கு மேல் நீளம். 1இல் கூடுதலாக இருந்தால் தேவையைவிடக் குட்டை. சில மில்லிமீட்டர்களாகவே மாற்றுங்கள். வெட்டிய கம்பி வளராது. மீட்டர் அளவு 1.5க்குள் வந்தால் நன்று. 3ஐத் தாண்டினால், சரிசெய்யும்வரை பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள், ரேடியோவின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் கருகிவிடக்கூடும்.