டெல்லிக்கு ரயிலில் போவது எப்படி: இரண்டு இரவு, ஒரு முழுப் பகல்

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் மூன்று மணி நேரம்தான். ரயிலில் ஏறத்தாழ 33 மணி நேரம். தூரம் 2,180 கிலோமீட்டர் சொச்சம். இதைச் சொன்னதும், “லீவு பாதி ரயில்லயே போயிடுமே” என்பார்கள். போகட்டுமே என்பது என் கட்சி. காரில் போகலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அது விடுமுறையே இல்லை.

கணக்கு இதுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு 10 மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பி, மூன்றாம் நாள் காலை புது டெல்லியில் இறக்கிவிடும். இரண்டு இரவும் தூக்கத்தில் கழிந்துவிடும். கையில் மிஞ்சுவது ஒரு பகல். அதைப் பயண நேரம் என்று நினைத்தால் அலுப்பு. விடுமுறையின் முதல் நாளாக நினைத்தால், எந்த ரயில், எந்த வகுப்பு, எந்த பெர்த், என்ன சாப்பாடு எல்லாவற்றையும் அந்தப் பகலை வைத்தே முடிவு செய்துவிடலாம். நீங்கள் போவது கொல்கத்தாவோ கௌகாத்தியோ, முறை இதேதான். எனக்கு நன்றாகப் பழகிய வழி என்பதால் டெல்லியை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கால அட்டவணையில் பகலைக் குறியுங்கள்

எல்லாரும் எது வேகமான வண்டி என்று பார்ப்பார்கள். நீங்கள் வேறு மாதிரி பாருங்கள். ஐஆர்சிடிசி தளத்திலோ செயலியிலோ வண்டி நிற்கும் ஊர்களின் நேரப் பட்டியல் இருக்கும். காலை 6 முதல் மாலை 6 வரை எந்த ஊர்கள் வருகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிருஷ்ணா நதி விடிவதற்கு முன்பே போய்விடும். விடிந்ததும் வாரங்கல், அப்புறம் கோதாவரி, பல்லார்ஷா, பிற்பகலில் நாக்பூர், சாயங்காலம் சாத்பூரா மலை. சம்பல் பள்ளத்தாக்கு நள்ளிரவில் கடந்துபோகும், அதைப் பார்க்க முடியாது. 1929 முதல் ஓடும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் இதே வழிதான். அது கூடுதல் நிறுத்தங்களில் நின்று போகும், நேரமும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மாதம் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வடக்கே பனிமூட்டம். வண்டி பல மணி நேரம் தாமதமாவது அங்கே சகஜம். இறங்கிய அன்றே சிம்லாவுக்கு டிக்கெட், அமிர்தசரஸுக்கு டிக்கெட் என்று அடுக்கிவிடாதீர்கள். மே மாதத்தில் பல்லார்ஷா, நாக்பூர் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாமல் அந்த மாதம் போகவே வேண்டாம்.

படி 2: வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

ஸ்லீப்பர் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மூன்றடுக்கு ஏசி இரண்டாயிரத்துச் சொச்சம், இரண்டடுக்கு ஏசி மூவாயிரத்துச் சொச்சம். ஏசி பெட்டியில் இரண்டு விரிப்பு, தலையணை, கம்பளி கொடுப்பார்கள். ஸ்லீப்பரில் எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் ஸ்லீப்பர் எடுத்தால் போபாலுக்கு மேல் பல் கிட்டித்துவிடும், வீட்டுக் கம்பளி ஒன்று அவசியம்.

முதல்முறை போகிறவர்களுக்கு மூன்றடுக்கு ஏசி போதும். ஆனால் ஒரு குறை. ஏசி பெட்டியின் கண்ணாடி திறக்காது, பல சமயம் அழுக்காகவும் இருக்கும். காற்று முகத்தில் அடிக்க, வெளியே கையெட்டும் தூரத்தில் ஊர் ஓட வேண்டும் என்றால் அது ஸ்லீப்பரில்தான். பெரியவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வராவிட்டால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான் ஸ்லீப்பர் கட்சி.

படி 3: டிக்கெட்

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும் (2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது). ஜனவரி 10 பயணம் என்றால் நவம்பர் 11 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். திரும்பி வரும் டிக்கெட் அன்றைக்கே கிடைக்காது. அதற்கு அதன் 60 நாள் தனி, காலண்டரில் இரண்டு தேதியையும் வட்டம் போட்டு வையுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். தட்கலுக்கு அது இல்லாமல் முடியாது. தட்கல் என்பது கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் திறப்பது. ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அதை நம்பி விடுமுறைக்குத் திட்டம் போடாதீர்கள். அது அவசரத்துக்கு.

ஆர்.ஏ.சி. (முழுப் படுக்கை இன்னும் உறுதியாகாத டிக்கெட்) வந்தால் ஏறலாம், ஆனால் ஒரு சைடு லோயரை, அதாவது நடைபாதை ஓரத்துக் கீழ்ப் படுக்கையை, இரண்டு பேர் பங்கு போட வேண்டியிருக்கும். வெயிட்டிங் லிஸ்டில் நின்றுவிட்டால் ஆன்லைன் டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பி வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறக் கூடாது.

தேதி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை திரும்பும்போது குவாலியரில் ஏறுவதாக டிக்கெட். நேரம் இரவு ஒரு மணி, தேதி 17. நானும் 17ஆம் தேதி முழுக்கக் கோட்டையைச் சுற்றிவிட்டு, ராத்திரி சாப்பிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். என் வண்டி முந்தின இரவே போய்விட்டிருந்தது. 17ஆம் தேதி ஒரு மணி என்றால் 16ஆம் தேதி படுக்கப் போகிற ராத்திரி. நள்ளிரவு 12 முதல் 4 வரை ஏறுகிற எந்த டிக்கெட்டானாலும் வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பணும்” என்று. அப்படிச் சொன்னால் தப்பாது.

படி 4: பெர்த் கணக்கு

மூன்றடுக்கு பெட்டியிலும் ஸ்லீப்பரிலும் பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1, 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். உங்கள் எண் 39 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலெட்டு முப்பத்திரண்டு, மீதி 7, சைடு லோயர். இரண்டடுக்கு ஏசியில் ஆறால் வகுக்க வேண்டும். அங்கே 1, 3 லோயர், 2, 4 அப்பர், 5 சைடு லோயர், மீதி இல்லாதது சைடு அப்பர்.

இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் சைடு லோயரும் சைடு அப்பரும்தான் என் சிபாரிசு. பகலில் எதிரெதிரே உட்கார்ந்தால் அந்த ஜன்னல் முழுக்க உங்களுடையது. மடியில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போகலாம். உயரமானவர்களுக்கு மட்டும் சைடு பெர்த்தில் கால் இடிக்கும். கேட்டது கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனாலும் கேட்டு வையுங்கள்.

அம்மா அப்பாவுக்கு லோயர் வேண்டுமா? 60 தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் லோயர் ஒதுக்கீடு உண்டு. ஆனால் தனியாகவோ இரண்டு பேராகவோ டிக்கெட் போட்டால்தான் அது வேலை செய்யும். குடும்பத்தோடு ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு, “அம்மாவுக்கு அப்பர் வந்துடுச்சு” என்று புலம்புவது அதனால்தான். பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

படி 5: சாப்பாட்டு மூட்டை

வண்டியிலேயே பேன்ட்ரி (சமையல் பெட்டி) இருக்கிறது. டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்தால் வழியில் உள்ள ஸ்டேஷனில் சீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங்கும் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு போபாலில் அப்படி வாங்கிக்கொள்ளலாம். காலையும் மதியமும் வீட்டுச் சாப்பாடுதான் சரி.

காலைக்குப் பொடி இட்லி. இதில் பலர் செய்யும் தப்பு, சூட்டோடு கட்டுவது. வியர்த்து நொசநொசத்துவிடும். இட்லியைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் கொஞ்சம் தளரக் குழைத்து இரண்டு பக்கமும் தடவுங்கள். ஆளுக்கு நாலு என்று தனித்தனி வாழையிலைப் பொட்டலமாகக் கட்டிவிட்டால் ரயிலில் தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். தேங்காய்ச் சட்னியை மறந்துவிடுங்கள், ராத்திரியே ஊசிப்போகும். மதியத்துக்குப் புளியோதரை. தயிர்சாதம் வேண்டுமென்றால் பாலை நிறைய விட்டுப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். மறுநாள் மதியம் பதமாக இருக்கும், ஏசி பெட்டி என்றால் மட்டும்.

கூடவே ஒரு பழைய செய்தித்தாள், ஈரத் துணி, காகித சோப்பு, குப்பைக்கு ஒரு பை, பெட்டியைப் பெர்த்துக்கு அடியில் பிணைக்கச் சங்கிலியும் பூட்டும். போதும். மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை என்றாலும், படியேறித் தூக்கப்போவது நீங்கள்தான்.

படி 6: ஏறும் இரவு

எழும்பூரா சென்ட்ரலா என்று டிக்கெட்டில் பாருங்கள். செயலியில் சென்ட்ரல் ‘எம்.ஜி.ஆர். சென்னை சென்ட்ரல்’ என்று வரும். முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பிளாட்பாரத்தில் மின்னும் பலகையில் உங்கள் பெட்டி (பி2, எஸ்5 மாதிரி) எங்கே நிற்கும் என்று இருக்கும். கடைசி நேரத்தில் மூட்டையோடு ஓடினால் ராத்திரித் தூக்கம் போச்சு. அசல் அடையாள அட்டையில் ஒன்றாவது கையில் இருக்கட்டும், டி.டி.ஆர். (டிக்கெட் பரிசோதகர்) கேட்பார்.

பத்து மணிக்கு மேல் மிடில் பெர்த்காரர் படுக்கையை விரிக்கலாம், காலை ஆறு மணிக்கு மடக்க வேண்டும். இந்த வண்டி கிளம்புவதே பத்து மணிக்கு என்பதால் ஏறியதும் எல்லாரும் படுத்துவிடுவார்கள். அதனால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். போனையும் ஏறியவுடன் சார்ஜ் போடுங்கள். இரவு 11 முதல் காலை 5 வரை பிளக்கில் மின்சாரத்தை நிறுத்தி வைப்பதுண்டு.

படி 7: அந்தப் பகல்

ஐந்தரைக்கு அலாரம். கழிவறை சுத்தமாக இருக்கும் நேரம் அதுதான், ஏழு மணிக்கு வரிசை. முகம் கழுவி ஜன்னலுக்கு வந்தால் ஸ்டேஷன் பலகைகளில் தெலுங்கு இருக்கும். வாரங்கல் தாண்டி ராமகுண்டத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்ததும் கதவருகில் போய்விடாமல் ஜன்னலிலேயே இருங்கள். சற்று நேரத்தில், மஞ்சிர்யாலுக்கு முன்னால், கோதாவரிப் பாலம். தடதடவென்று வந்த சத்தம் பாலத்தில் ஏறியதும் குழிந்து வேறு மாதிரி ஆகிவிடும். கண்ணை மூடியிருந்தாலும் ஆறு வந்துவிட்டது என்று தெரியும்.

அப்புறம் சிர்பூர் காகஸ்நகர். பெயரிலேயே காகிதம் இருக்கிறது, காகித ஆலை ஊர். அங்கிருந்து தேக்கங்காடு. பல்லார்ஷாவில் பலகை தேவநாகரிக்கு மாறும். காபி, காபி என்று வந்த குரல் நின்று, இனி சாய், சாய் மட்டும்தான். காபி இல்லாமல் தலை வலிப்பவர்கள் முன்பே குடித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இருந்தால் இந்த விளையாட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு மஞ்சள் பலகையின் அடியிலும் கடல் மட்டத்திலிருந்து அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம் என்று சின்னதாக எழுதியிருக்கும். சென்னையில் சில மீட்டர். நாக்பூரில் முந்நூறைத் தாண்டிவிடும். வண்டி மலையேறுவது உடம்புக்குத் தெரியாது, நோட்டில் எழுதினால் தெரியும்.

நாக்பூரில் சீசனாக இருந்தால் ஆரஞ்சு. இறங்கி வாங்குகிறவர் பெட்டிக் கதவைத் தாண்டி நாலடி போகக் கூடாது, சில்லறையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பேதுலைத் தாண்டினால் சாத்பூரா மலையிறக்கம், சுரங்கங்கள். இட்டார்சிக்குப் பிறகு நர்மதை, பலர் ஜன்னலில் கும்பிட்டுக் காசு போடுவார்கள். கோடையில் வெளிச்சம் இருக்கும், மார்கழியில் இருட்டிவிடும். ஏதாவது தொந்தரவு, பெட்டியில் தண்ணீர் இல்லை, உடம்பு சரியில்லை என்றால் 139க்கு அழையுங்கள். தயங்காதீர்கள், பிஎன்ஆர் கையில் இருந்தால் போதும்.

படி 8: இறங்குவது

ஆக்ரா போகிறவர்கள் டெல்லிவரை போக வேண்டாம், ஆனால் இந்த வண்டி அங்கே வருவது விடியலுக்கு முன். ஓட்டலில் அந்த நேரத்துக்கு அறை தருவார்களா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். புது டெல்லியில் ஒன்றாம் பிளாட்பாரம் பக்கம் பஹார்கஞ்ச், மறுபக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ, விமான நிலைய ரயில் இரண்டும் அஜ்மேரி கேட் பக்கம். வெளியே வந்ததும் சிலர் தாமாக வந்து, நீங்கள் போகிற ஓட்டல் மூடிவிட்டது, உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, அந்த ஆபீசுக்கு வாருங்கள் என்பார்கள். நிற்காமல் நடங்கள். ஆட்டோ வேண்டுமென்றால் ப்ரீபெய்டு கவுன்ட்டர். அன்று காலை ஊர் சுற்றல் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். குளித்து ஒரு தூக்கம் போடுங்கள், படுத்ததும் கட்டில் கொஞ்ச நேரம் ஆடுகிற மாதிரியே இருக்கும்.