பழைய கார் விலையை டீலர் எப்படி போடுறார், அது தெரிஞ்சா நாம எப்படி வாங்கலாம்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போற நிறைய பேர் டீலர் சொன்ன விலையைப் பிடிச்சுக்கிட்டு அதுல இருந்து எவ்வளவு குறைக்கலாம்னு மட்டும்தான் பாக்குறாங்க. அந்த விலை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம எவ்வளவு குறைச்சாலும் நாம நல்லா வாங்குனோமா ஏமாந்தோமான்னு தெரியவே தெரியாது. டீலர் கணக்கைப் பின்னாடியிலிருந்து போடுறார், இது ஒண்ணு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

ஒரு வண்டி கடைசியா 100க்கு விக்கும்னு வச்சுக்கங்க. அதே மாடல், அதே வருஷம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடின வண்டிங்க இப்ப என்ன விலைக்குப் போகுது, போன வாரம் டீலருங்க வண்டி எடுக்குற ஏலத்துல எவ்வளவுக்குப் போச்சுன்னு பாத்துதான் இந்த 100க்கு வருவார். அதுல டயர், பிரேக், டிங்கரிங், பெயிண்டிங், உள்ள கழுவி பாலிஷ் போட 6 போகும். ஏலக் கட்டணம், வண்டியைத் தூக்கிட்டு வர்ற செலவு 4, கடையில நிக்கிற நாளுக்கு வட்டியும் இட வாடகையும் 3, அவர் லாபம் 10. மிச்சம் 77, அதுக்கு மேல ஏலத்துல கையைத் தூக்க மாட்டார். இந்த நம்பரெல்லாம் புரியறதுக்காக நான் போட்டது, வண்டிக்கு வண்டி மாறும், ஆனா கழிக்கிற வரிசை இதுதான். உங்க பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டு போனா “இவ்வளவு கம்மியா கேக்குறாரே”ன்னு மனசு கஷ்டப்படுறதும் இதனாலதான், அவர் அந்த 77க்கு வாங்கப் பாக்குறார், நீங்க 100ஐ நெனச்சுட்டுப் போறீங்க. நேரா ஒரு ஆளுக்கு வித்தா நடுவுல எங்கயாவது முடியும், அலைச்சல் உங்களோடது.

டீலருங்க மட்டும் வாங்குற மொத்த வியாபார ஏலங்களுக்கு வண்டி எங்கிருந்து வருதுன்னா, லீஸ் முடிஞ்சது, வாடகைக் கம்பெனி ஓட்டி முடிச்சது, தவணை கட்டாம பேங்க் தூக்கினது, அப்புறம் இன்னொரு டீலர் எக்ஸ்சேஞ்சுல எடுத்து தன் கடையில நிறுத்த விரும்பாத வண்டி. இதுல கடைசி வகை மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு, வண்டியைக் கையில வச்சுப் பாத்தவரே வேண்டாம்னு தள்ளினது அது. ஏல வரிசையில ஒரு வண்டி நிக்கிறது ஒரு நிமிஷம் இருக்குமா, அவ்வளவுதான், எடுத்து ஓட்டிப் பாக்கவெல்லாம் நேரம் கிடையாது. அமெரிக்க ஏலங்கள்ல அதுக்காகவே விளக்கு வச்சிருக்காங்க: பச்சை எரிஞ்சா முக்கியமான பாகங்கள்ல பெரிய கோளாறு இல்லன்னு விக்கிறவர் பொறுப்பு ஏத்துக்கிறார், மஞ்சள்னா ஏலம் விடுறவர் வாயால சொல்ற குறையைக் காது குடுத்துக் கேக்கணும், சிவப்புன்னா இருக்கிறது இருக்கிறபடி, நீலம்னா உரிமைப் பத்திரம் இன்னும் கைக்கு வரல. ஜப்பான்ல ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஷீட் போடுவாங்க, மேல மொத்தத் தரத்துக்கு ஒரு மார்க், கீழ வண்டிப் படத்துல எங்க கீறல், எங்க பள்ளம், எந்தக் கதவை மாத்தினதுன்னு எழுத்தும் நம்பரும். மார்க் இருக்கிற இடத்துல R-ங்கிற இங்கிலீஷ் எழுத்து இருந்தா அடிபட்டு சரி பண்ணின வண்டி. அங்கிருந்து இறக்கின வண்டி வாங்குறவங்க ஒரிஜினல் ஷீட்டையே கேளுங்க, விக்கிறவர் தட்டச்சு பண்ணின சுருக்கம் போதாது.

இன்சூரன்ஸ் கம்பெனி ரிப்பேர் பண்ணினா கட்டுப்படியாகாது, டோட்டல் லாஸ்னு எழுதின வண்டிங்க போற ஏலம் தனி. சில இடத்துல நாமளே ஏலம் கேக்கலாம், விலையைப் பாத்தா ஆசையா இருக்கும். “ஸ்டார்ட் ஆகுது, ஓடுது”ன்னு போட்டிருந்தா, யார்டுக்கு வந்த அன்னைக்கு கியர் விழுந்து தானா நகர்ந்துச்சுன்னுதான் அர்த்தம், ரோட்டுல ஓட்டலாம்னு இல்ல. கேக்கப் போறதுக்கு முன்னாடியே கட்டணம், ரிப்பேர், கொண்டு வர்ற செலவு எல்லாம் சேத்து உங்க கடைசி நம்பரைப் பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, அதைத் தாண்டினா விட்டுடுங்க, சூடு ஏறினப்புறம் கணக்கு போட முடியாது.

1970ல ஜார்ஜ் அகெர்லாஃப்ங்கிற பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையை வச்சே ஒரு விஷயம் விளக்கினார், 2001ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு. வண்டி நல்லதா கெட்டதான்னு விக்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது, அதனால அவர் சராசரி விலைதான் தருவார், அந்த விலைக்கு நல்ல வண்டி வச்சிருக்கிறவர் விக்க வர மாட்டார், சந்தையில மோசமான வண்டிங்க கூடும். அதனாலதான் முதல்ல இருந்து சர்வீஸ் பில்லு முழுசா இருக்கிற வண்டிக்குக் கொஞ்சம் கூட கேட்டாலும் நான் குடுக்கச் சொல்வேன்.

விலையில இன்னொரு வினோதம் கிலோமீட்டர். அமெரிக்க மொத்த வியாபார ஏலங்கள்ல வித்த 2 கோடிக்கும் மேல வண்டிங்களை வச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, மீட்டர் 10,000 மைல் கட்டத்தை ஒவ்வொரு தடவை தாண்டுறப்பவும் விலை சட்டுன்னு ஒரு படி விழுதாம். 79,900க்கும் 80,100க்கும் வண்டியில என்ன வித்தியாசம் இருக்கப் போகுது? வாங்குறப்ப கட்டத்தைத் தாண்டினதைத் தேடுங்க, விக்கிறப்ப தாண்டறதுக்கு முன்னாடி வித்துடுங்க.

பேரத்துல உங்களுக்குக் கை குடுக்கிறது நாள் கணக்கு. நிறைய டீலருங்க கடன் வாங்கித்தான் ஸ்டாக் வைக்கிறாங்க, நிக்கிற ஒவ்வொரு நாளும் வட்டி. ரெண்டு மாசம் தாண்டின வண்டியை நஷ்டத்துல ஏலத்துக்குத் திருப்பி அனுப்புறதை விட உங்களுக்குக் குறைச்சுக் குடுக்கிறது அவருக்கு மேல், அதனால விளம்பரம் எப்ப போட்டாங்க, விலையை எத்தனை தடவை இறக்கினாங்கன்னு பாத்துட்டுப் போங்க. “மாசம் எவ்வளவு கட்ட முடியும்?”னு கேட்டா பதில் சொல்லாதீங்க. நான் முதல் வண்டி வாங்கினப்ப தவணையைப் பத்தி மட்டும் பேசினேன், அவங்க தவணையைக் குறைச்ச மாதிரி காட்டி வருஷத்தை நீட்டிட்டாங்க, கடைசியில வட்டியா கட்டின காசை நெனச்சா இன்னும் வயிறு எரியுது. வண்டி விலை தனியா, எக்ஸ்சேஞ்ச் தனியா, லோன் தனியா, வாரண்டி தனியா பேசணும், ஒண்ணுல குறைச்சு இன்னொண்ணுல எடுத்துடுவாங்க.

வண்டி பாக்கப் போறப்ப இன்ஜினைச் சூடு பண்ணி வைக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, குளிர்ந்த இன்ஜின்லதான் புகையும் சத்தமும் வெளிய வரும். பெயிண்ட் கனம் அளக்குற மீட்டர் கிடைச்சா வைங்க, கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 80லிருந்து 150 மைக்ரான் வரும், ஒரு கதவுல மட்டும் பல மடங்கு காட்டினா பட்டி வச்சிருக்காங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம், 3521னா 2021ல 35வது வாரம் செஞ்சது. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, கடைசி அடியில சேறு, கறை இருந்தா வெள்ளத்துல மூழ்கின வண்டியா இருக்கலாம். 17 எழுத்து சேசிஸ் நம்பர் வண்டியிலயும் பேப்பர்லயும் ஒண்ணா இருக்கணும். வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போட்டா கோளாறு ஒண்ணுமே இல்லாம, வண்டி தன்னைத்தானே பண்ணிக்கிற சோதனையெல்லாம் இன்னும் முடியலன்னு காட்டுச்சுன்னா பேட்டரியைக் கழட்டியிருக்கலாம், இல்ல உங்களுக்குக் காட்டறதுக்கு முன்னாடி யாரோ கோளாறுப் பதிவை அழிச்சிருக்கலாம். ரெண்டு மூணு நாள் ஓடினப்புறம் திரும்பப் பாக்கணும்னு கேளுங்க.

எல்லாம் சரின்னா அந்த வண்டி மேல பழைய லோன் பாக்கி இருக்கான்னு விசாரிங்க. இருந்துச்சுன்னா அந்தப் பணத்தை டீலர் கையில குடுக்காம நேரா லோன் குடுத்தவங்களுக்கே கட்டி, பாக்கி இல்லன்னு எழுத்துல வாங்கிட்டு, மிச்சத்தை மட்டும் டீலருக்குக் குடுங்க.