நாய்க்குப் பச்சைக் கறி: ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது

மைனஸ் 18 டிகிரியில் பாக்டீரியா பெருகாது, அவ்வளவுதான். பனி விட்டதும் மறுபடி பெருகத் தொடங்கும். நெதர்லாந்தில் விற்ற 35 உறைந்த பச்சைக் கறி உணவுகளைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில், 28-இல் இஎஸ்பிஎல் ஈ கோலை என்ற குடல் பாக்டீரியா இருந்தது. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கிற ரகம் அது. இதைத் தின்ற நாய் துள்ளித் திரியலாம். ஆனால் அதன் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கலாம்.

வேகவைத்துப் போடுவதே நல்லது. மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்கு அடங்கும். எலும்பில்லாத கோழிக்கறியை 3 செ.மீ. துண்டுகளாக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்தபின் 15 நிமிடம் விடுங்கள். பெரிய துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும், அதைப் போடாதீர்கள். வெங்காயம், பூண்டும் கூடாது. எலும்பு இல்லாததால் கால்சியம் குறையும். ஒரு கரண்டி தயிர் அதை ஈடுகட்டாது. எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

பச்சையாகத்தான் போடுவேன் என்றால்: வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், கீமோ எடுப்பவர் இருந்தால் அந்த எண்ணத்தையே விடுங்கள். மற்றவர்கள், மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இரவு முழுக்கப் பனி விடச் செய்யுங்கள். சமையல் மேடையில் வைத்தால் நடுப்பகுதி உறைந்திருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி பெருகும். குழாயடியில் கழுவவும் வேண்டாம். மஞ்சள் தூள் கிருமியை ஒழிக்காது, தெறிக்கும் நீர்தான் பக்கத்துத் தட்டுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அரை மணி நேரத்தில் தின்னாததைக் கொட்டிவிடுங்கள்.

கிண்ணம் எவர்சில்வராக இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் கீறல்களில் கிருமி ஒட்டிக்கொள்ளும். முதலில் சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்து அலசுங்கள், கொழுப்பு மிச்சமிருந்தால் ப்ளீச் சரியாக வேலை செய்யாது. பிறகு 4 லிட்டர் தண்ணீருக்கு 15 மி.லி. வாசனையில்லாத ப்ளீச் கலந்து துடைத்துக் காயவிடுங்கள். கத்தி, பலகை, கறி பட்ட மேடை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மலத்தைக் கையுறையோடு அன்றன்றே அள்ளுங்கள். தின்ற வாயால் முகத்தை நக்க விடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது ரத்தபேதியோ, சிறுநீர்த் தொற்றோ வந்தால், நாய்க்குப் பச்சைக் கறி போடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் மிஞ்சிய பழைய மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். எந்த மருந்து கேட்கும் என்பதை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை காட்டும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும்.