சுவான்சௌ மேல வீதி: சீனாவின் பழைய கடைத்தெருவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சீனாவுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பெய்ஜிங், ஷாங்காய் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு பழைய கடைத்தெருவைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் ஃபூஜியான் மாகாணத்துக் கடலோரத்தில் இருக்கும் சுவான்சௌவுக்குப் போங்கள் என்பேன். அங்கே ‘சீ ஜியே’ என்று ஒரு தெரு. சீ என்றால் மேற்கு, ஜியே என்றால் தெரு. ஒரு பெரிய கோயிலை ஒட்டி வளர்ந்த தெரு என்பதால் மேல வீதி என்றே சொல்லத் தோன்றுகிறது.

இந்த ஊரை மார்க்கோ போலோ ‘சைத்தூன்’ என்று எழுதினார். சீனத்தில் ‘ட்ஸுதோங்’ என்ற மரத்தின் பெயரிலிருந்து வந்தது அது. அந்த மரம் வேறெதுவும் இல்லை, நம்மூர் வேலியில் நிற்கும் முள்முருங்கைதான். சோங், யுவான் அரசர்கள் காலத்தில் (10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. தமிழ் வணிகர்கள் இங்கே தங்கியிருந்தார்கள். மங்கோலிய அரசரான கானின் நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று தமிழில் வெட்டிய கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. ஆண்டு 1281, சித்திரை மாதம். 2021-இல் நகரத்தின் 22 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சுத்த சைவம். அதனால் கீழே சொல்வது அசைவக்காரர்களுக்கும் உதவும், சைவக்காரர்களுக்கும் உதவும்.

படி 1: வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் முன்கூட்டியே சுற்றுலா விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம்.

அடுத்தது பணம். நம்முடைய ஜிபே அங்கே ஓடாது. தெருவோரப் பழக்காரம்மா வரைக்கும் க்யூஆர் அட்டைதான் வைத்திருக்கிறார். அலிபே, வீசாட் இரண்டு செயலிகளையும் இறக்கி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்து, உங்கள் விசா கார்டையோ மாஸ்டர் கார்டையோ அதில் இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்குள் வாங்கினால் கூடுதல் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். தின்பண்டத் தெருவில் ஒரு தடவைக்கு 200-ஐத் தொடுவது அபூர்வம். இதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். அங்கே போய் இறங்கியபின் வங்கியிலிருந்து ஓடிபி வராமல் தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

கூகுள் வரைபடம், வாட்ஸ்அப் எல்லாம் அங்கே சாதாரண இணையத்தில் திறக்காது. ரோமிங் சிம் அல்லது இ-சிம் போட்டுக்கொண்டால் ஓடும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்பே இறக்கி வையுங்கள்.

படி 2: போய்ச் சேருவது

முதலில் ஓர் எச்சரிக்கை. குவாங்சௌ வேறு ஊர், சுவான்சௌ வேறு ஊர். ஆங்கில எழுத்தில் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் டிக்கெட் போடும்போது மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். முதல் எழுத்து க்யூ என்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து ஷியாமென் நகருக்கு நேரடி விமானம் உண்டு. ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி, முக்கால் மணிப் பயணம். கடவுச்சீட்டுதான் டிக்கெட், தானியங்கிக் கதவில் அது வேலை செய்யாவிட்டால் பக்கத்தில் ஆள் நிற்கும் வழியில் காட்டிவிட்டுப் போகலாம். கிழக்கு, தெற்கு என்ற ஒட்டு இல்லாமல் வெறும் ‘சுவான்சௌ’ என்று இருக்கும் நிலையமே பழைய நகருக்கு வசதி. அங்கிருந்து டாக்சி.

மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம், சீனப் புத்தாண்டு இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். தெருவில் நடக்க முடியாது, நகரத்தான் முடியும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புயல் பயம். நவம்பர் அருமையாக இருக்கும்.

படி 3: காலை ஏழு மணிக்குத் தெருவில் இருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். மேல வீதிக்குச் சாயங்காலம்தான் எல்லாரும் போகிறார்கள். அப்போது அது சுற்றுலாக்காரர்களின் தெரு. காலையில் அது அந்த ஊர்க்காரர்களின் தெரு. இங்கே கடைகளுக்குப் பின்னாலும் சந்துகளிலும் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. பள்ளிப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு பாட்டிகள், திண்ணையில் பல் தேய்க்கும் தாத்தா என்று ஒரு வாழும் தெருவை நீங்கள் பார்ப்பது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

காலை உணவு ‘மியென்ஷியென் ஹூ’. சேமியாவைவிட மெல்லிய நூல் நூலான கோதுமை இழைகள், கூழ் பதத்தில் கரைந்து நிற்கும். கடை முன்னால் வரிசையாகத் தட்டுகள் இருக்கும்: சிப்பி, இறால், ஈரல், குடல், வினிகரில் ஊறவைத்துப் பொரித்த பன்றி இறைச்சி. விரலால் காட்ட வேண்டியதுதான். கடைக்கார அம்மா ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் கத்தரிக்கோல் வைத்திருப்பார். நாம் காட்டியதைக் கிண்ணத்துக்கு மேலேயே நறுக் நறுக்கென்று வெட்டிப் போட்டு, கொதிக்கும் கூழை ஊற்றி, வெள்ளை மிளகுத்தூள் தூவித் தருவார். காட்டும் ஒவ்வொன்றுக்கும் காசு ஏறும் என்பதால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்களுக்கு இது ஆகாது. கூழின் சாறே எலும்பிலோ கடலுணவிலோ எடுத்தது. அம்மாவுக்குச் சூடான சோயாப் பாலும் ‘யூதியாவ்’ எனும் பொரித்த நீள மாவுக் குச்சியும் வாங்கிக் கொடுத்தேன். பாலில் தோய்த்துச் சாப்பிட்டார்கள்.

அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசுவது மின்னான் மொழி. மலேசியா, சிங்கப்பூரில் ஹொக்கியென் என்பது இதைத்தான். ஒருவரை ஒருவர் பார்த்தால் “சியா பா புவே?” என்பார்கள். “சாப்பிட்டாச்சா?” என்று அர்த்தம். இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும்.

படி 4: கடைக்கு முன் கோயில்

தெருவிலேயே இருக்கிறது கையுவான் கோயில். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். நுழைவுக் கட்டணம் கிடையாது. இருபுறமும் இரண்டு கல் கோபுரங்கள், 13-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர். 1604-இல் வந்த பெரும் நிலநடுக்கத்துக்கும் அசையாமல் நின்றவை. மேற்குக் கோபுரத்தில் குரங்குமுக வீரன் ஒருவனைத் தேடிப் பாருங்கள். அனுமனோடு அவனுக்கு உறவு உண்டா என்று அறிஞர்கள் வெகுகாலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய மண்டபத்துக்கு வந்தால் முன்பக்கம் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். முதலில் மண்டபத்து மேடையின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் வரிசையாக இருக்கும். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே மற்றத் தூண்களோடு ஒட்டாமல் பதினாறு பட்டையோடு இரண்டு கருநீலக் கல் தூண்கள் நிற்கும். இடிந்துபோன ஓர் இந்துக் கோயிலிலிருந்து எடுத்துவந்து, யுவானுக்கு அடுத்து வந்த மிங் அரசர்கள் காலத்தில் இங்கே நிறுத்தியவை.

தூணில் வட்டம் வட்டமாகச் சிற்பங்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வட்டத்துக்கு முன்னால் நின்றார்கள். இரண்டு மரம், நடுவில் ஒரு குழந்தை, பின்னால் உரல். “டேய், மருத மரத்தைச் சாய்க்கிற கண்ணன்டா இது” என்றார்கள். வழிகாட்டிப் பலகையை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை. இன்னொரு வட்டத்தில் நரசிம்மர் மடியில் இரணியன். பலகையே வேண்டாம், நமக்கு. சீனப் பயணிகள் கடந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். நாங்கள் அந்த இடத்தை விட்டு நகர முக்கால் மணி ஆனது.

நேரம் இருந்தால் கடல்சார் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. யானை சிவலிங்கத்தைப் பூசிக்கும் பலகைச் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. திருவானைக்காவைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படி 5: கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது

பதினொரு மணிக்கு மேல் தின்பண்டக் கடைகள் சூடு பிடிக்கும். இரண்டு பேருக்கு ஒன்று என்று வாங்குங்கள். நாலு கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டால் ஐந்தாவது கடையில் ஏக்கம்தான்.

சிப்பி போட்ட முட்டைப் பொரியல் ‘ஹாய்லி ஜியென்’. வள்ளிக்கிழங்கு மாவில் வருவதால் ஓரம் மொறுமொறு, நடு வழவழ. இறைச்சி, கடலை, காய் வைத்துச் சுருட்டிய ‘ருன்பிங்’, மலேசியாவில் பொப்பியாவாகத் தெரிந்ததுதான். சுவான்சௌக்காரர்கள் கப்பலேறியபோது கூடவே போன பண்டம். ‘தூசுன் தோங்’ என்று கண்ணாடிபோல ஒரு கட்டி தருவார்கள். அது கடற்கரைச் சேற்றில் வாழும் ஒருவகைப் புழுவைக் கொதிக்கவைத்து ஆறவிட்டது. தெரிந்துகொண்டு வாங்குங்கள். எனக்குப் பிடித்தது, பூண்டுச் சாற்றோடு.

சைவத்துக்கு என் தேர்வு ‘ஷீஹுவா காவ்’. கடற்பாசியில் செய்த கூழ்க்கட்டியைத் துருவித் தேன் தண்ணீரில் போட்டுத் தருவார்கள். அதிலேயே பச்சைப்பயறு, சிவப்புப் பயறு, தர்பூசணி எல்லாம் சேர்ந்தால் ‘ஸுகுவோ தாங்’. வேர்க்கடலையும் எள்ளும் சர்க்கரையும் உள்ளே வைத்து மடித்த ‘மான்ஜியென் காவ்’ சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டியது. முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். “வோ ச்சீ சூ” என்றால் நான் சைவம். ஆனாலும் பன்றிக் கொழுப்பில் வதக்குவதை அங்கே அசைவமாக நினைக்காதவர்கள் உண்டு. அதனால் ‘இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு வேண்டாம்’ என்று சீனத்தில் எழுதிய படத்தைக் கைப்பேசியில் வைத்துக் காட்டுவதே நல்லது.

படி 6: வாங்கும்போது விலைப்பலகையைப் படியுங்கள்

எடை போட்டு விற்கும் மிட்டாய், உலர்பழம், கடலைக் கட்டி இவற்றில்தான் ஏமாறுவோம். சீனாவில் எடைக் கணக்கு ‘ஜின்’. ஒரு ஜின் 500 கிராம். ஒரு கடையில் நான் பார்த்த விலை ஒரு ஜின்னுக்கு என்று நினைத்து அள்ளிப் போடச் சொன்னேன். அது 50 கிராமுக்கான விலை. பலகையின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. வெட்டி எடை போட்டபின் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, பத்து மடங்கு கொடுத்தேன். கையில் எடுப்பதற்கு முன்பே பலகையைப் படம் பிடித்து மொழிபெயர்த்துவிடுங்கள். சமைத்த பண்டத்துக்குப் பேரம் கிடையாது. பொம்மை, நகை மாதிரியானவற்றுக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

தலையைச் சுற்றிப் பூச்சரம் வைத்த பெண்கள் தெரு முழுக்கத் தென்படுவார்கள். பக்கத்திலிருக்கும் ஷுன்பு மீனவக் கிராமத்துப் பெண்களின் வழக்கம் அது: கொண்டை போட்டு, மொட்டுகளைச் சரமாகக் கோத்து வளையம் வளையமாகச் சுற்றுவது. இப்போது பயணிகளுக்கும் வைத்துவிடுகிறார்கள். பூவுக்கு மட்டுமா, உடையும் படமும் சேர்த்தா என்று விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அந்த வாசனை ஊரை நினைவூட்டியது.

ஊருக்குக் கொண்டுவர இரண்டு பொருள். ஒன்று, இதே சுவான்சௌவைச் சேர்ந்த தேஹுவாவின் வெள்ளைப் பீங்கான். இன்னொன்று, இதே சுவான்சௌவின் ஆன்ஷி மலையில் விளையும் தியெகுவான்யின் தேயிலை. ஒரு தடவை போடும் அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றெடுத்து அடைத்துத் தருவார்கள். கடையில் உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விற்பார்கள். மின்னான் மொழியில் தேயிலைக்குப் பெயர் ‘தே’. நம் தேநீருக்கு முன்னால் நிற்கும் அந்தத் ‘தே’ இந்தக் கரையிலிருந்து கப்பலில் கிளம்பியதுதான்.

படி 7: சாயங்காலம்

விளக்கு ஏற்றும் நேரத்தில் தெருவிலுள்ள பயணிகள் மையத்தின் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு மேல் கோபுரம் தெரியும். இறங்கிக் கிழக்கே நடந்தால் தெருமுனையில் 1934-இல் கட்டிய வெள்ளை மணிக்கூண்டு. அதைத் தாண்டிச் சோங்ஷான் சாலையின் தாழ்வாரக் கடைகள், மழை வந்தாலும் நனையாமல் நடக்கலாம். எங்காவது ‘நான்யின்’ இசை கேட்டால் நின்றுவிடுங்கள். படுக்கை வசமாகப் பிடித்த, வீணை போன்ற தந்தி வாத்தியம், செங்குத்தாக ஊதும் குழல், மிக மெதுவான பாட்டு. தேநீருக்குக் காசு கொடுத்தால் உட்கார்ந்து கேட்கலாம்.

பீங்கான் வாங்கியிருந்தால் இரவே துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் போடாதீர்கள்.