பதின்வயதுப் பிள்ளைக்கு செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பேஸ் கிட்டாரில் வரும் கோளாறுகள் இரண்டு வகை. கீறல் விழுந்த பெயிண்ட், துருப்பிடித்த கம்பி, திருகினால் கரகரக்கும் வால்யூம் குமிழ் எல்லாம் சின்னச் செலவில் சரியாகிவிடும். முறுக்கிக்கொண்ட நெக் (விரல் வைக்கும் நீண்ட கழுத்துப் பகுதி), தேய்ந்துபோன ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, நெக்கின் நுனியிலிருந்து எண்ணுவார்கள்), உள்ளே இறுகிப்போன ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த உலோகக் கம்பி) ஆகியவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு கருவியின் விலையையே தாண்டிவிடலாம். பலரும் முதல் வகையைப் பார்த்து மிரண்டு நல்ல கிட்டாரை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வகையைக் கவனிக்காமல் பளபளப்பை நம்பி வாங்கிவிடுகிறார்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைக்குக் குறை கருவியிலா தன் விரலிலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கம்பியை அழுத்த முடியாவிட்டால், தனக்கு இது வராது என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

பிள்ளையை அழைத்துப் போகாமல் வாங்குவது

பேஸில் வழக்கமான கம்பி நீளம் 34 அங்குலம். இதை லாங் ஸ்கேல் என்பார்கள். ஷார்ட் ஸ்கேல் 30 அங்குலம். நான்கு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட்வரை லாங் ஸ்கேலில் கிட்டத்தட்ட 13 செ.மீ., ஷார்ட் ஸ்கேலில் 11.5 செ.மீ. தொடக்கப் பயிற்சிகள் பலவும் அந்த நான்கு ஃப்ரெட்டுக்குள்தான் நடக்கும். பதினாறு வயதில் பெரும்பாலோருக்கு லாங் ஸ்கேல் கைக்கு அடங்கும். பதின்மூன்று வயதில், கை சின்னதாக இருந்தால், ஷார்ட் ஸ்கேலே நல்லது. அது சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மை இல்லை. தேர்ந்த கலைஞர்கள் விரும்பி வாசிப்பது. ஷார்ட் ஸ்கேலுக்குக் கம்பி செட்டும் தனியாக வாங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஸ்ட்ராப் மாட்டி நிற்கவைத்தும் பாருங்கள். எடை பெரும்பாலும் மூன்றரை முதல் நாலரை கிலோவுக்குள் இருக்கும். கையை விட்டதும் நெக் பக்கம் கீழே சாய்ந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அகலமான, வழுக்காத ஸ்ட்ராப் ஓரளவு உதவும், முழுதாகத் தீர்க்காது. இடது கைக்காரப் பிள்ளை என்றால், இடது கைக்கென்றே செய்த பேஸா என்று பாருங்கள். சாதாரண பேஸில் கம்பியைத் தலைகீழாக மாட்டிக் கொடுப்பவர்களும் உண்டு.

நெக்கை மேலோட்டமாகப் பார்ப்பது

பார்வையிடும் நேரத்தில் பாதியை நெக்குக்கே ஒதுக்கலாம். எதைத் தொடும் முன்பும், ட்யூனர் ஆப்பை வைத்து, தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சரியான சுருதிக்கு ஏற்றிவிடுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. சுருதி இறக்கிக் கம்பி தளர்ந்திருந்தால் எந்த பேஸும் விரலுக்கு மெத்தென்று இருக்கும். லாங் ஸ்கேலில் நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை சுமார் 75 கிலோ விசையோடு இழுக்கின்றன. அந்த இழுவை வந்த பிறகுதான் நெக்கின் உண்மையான வடிவம் தெரியும். ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், மறுபடி சுருதி பாருங்கள். அதற்குள் நிறைய இறங்கியிருந்தால் ட்யூனிங் கீ (கம்பியை இறுக்கும் திருகு) தளர்வா என்று ஆட்டிப் பார்க்கலாம். கம்பி சரியாகச் சுற்றப்படாமலும் இருக்கலாம்.

பிறகு பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் நுனியில் ட்யூனிங் கீ உள்ள தலைப்பகுதி) நோக்கி நெக்கின் நீளத்தைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

முறுக்கு வேறு, வளைவு வேறு. வளைவு கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.3 மி.மீ. போல, இடைவெளி இருந்தால் சரி. அதிகமாக இருந்தாலோ, இடைவெளியே இல்லாவிட்டாலோ ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம், ராட் வேலை செய்தால். அதைச் சோதிக்கச் சரியான அளவு ஆலன் கீயை விற்பவரையே போட்டு, முதலில் கொஞ்சம் தளர்த்தி, பிறகு கால் சுற்று இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நகரவே இல்லை, அல்லது பிடிமானம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் திரும்பி வந்துவிடலாம். கீ போடும் குழி தேய்ந்து உருண்டையாகியிருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்து கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஈ கம்பி 2.5 மி.மீ., ஜி கம்பி 2 மி.மீ. அளவில் இருந்தால் தொடங்குபவருக்கு வசதி. 4 மி.மீ. இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டுகளான சேடில்களைப் பாருங்கள். கீழே இறங்க இன்னும் இடம் இருந்தால் இரண்டு நிமிட வேலை. ஏற்கெனவே அடிவரை இறங்கியும் கம்பி உயரமாகவே இருந்தால் நெக் பொருந்தியிருக்கும் கோணத்தில் பிழை. ஸ்க்ரூவில் மாட்டிய நெக் என்றால் அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம்; ஒட்டிய நெக் என்றால் செலவு மிகப் பெரிது. சேடிலின் சின்ன ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகியிருந்தால் விலையில் அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசியாக, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். 20 ஃப்ரெட் உள்ள நாலு கம்பி பேஸில் 80 சுரம். ஐந்து நிமிடம் போதும். ஒரே இடத்தில் மட்டும் ஜிர்ரென்று அதிர்ந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கலாம். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கம்பிக்கு அடியில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் ஃப்ரெட் மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் மங்கலாம். அது நெக்கின் இயல்பான அதிர்வால் வருவது, விலை உயர்ந்த பேஸ்களிலும் உண்டு.

ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்த மாடல் என்றால் நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் கம்பிகள் பதிந்திருக்கும் பட்டை) பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே விழுந்தால் உடையும் இடம் அது. ஒட்டி பெயிண்ட் பூசியிருந்தாலும் மெல்லிய கோடு தெரியும், நகத்தால் வருடினால் தட்டுப்படும்.

ப்ளக் போடாமல் வாங்குவது

கேபிள், ஹெட்போன் ஆம்ப் (ஹெட்போனில் கேட்க உதவும் சின்ன ஆம்ப்), புதிய 9 வோல்ட் பேட்டரி மூன்றையும் எடுத்துப் போங்கள். ஆக்டிவ் வகை பேஸ் பேட்டரியில் ஓடுவது. பேட்டரி தீர்ந்தால் சத்தம் சிதறும் அல்லது வரவே வராது. கிட்டார் கெட்டுவிட்டது என்று சிலர் அதை மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அது உங்களுக்கு லாபம். பேட்டரிப் பெட்டியில் பச்சையாகப் பூத்திருந்தால் மட்டும் கவனம் தேவை. வாங்கிய பிறகு, வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். மாட்டியே வைத்தால் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்.

குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் க்ளீனர் போதும். ஜாக்கில் கேபிளை அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வந்தால் சின்ன சால்டரிங் வேலை. இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், ஒற்றைச் சுருள் கொண்ட பாகம்) உள்ள பேஸில் ஒன்றின் வால்யூமைக் குறைத்தால் ரீங்காரம் வருவது அந்த வகையின் குணம். இரண்டையும் முழுதாக வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரு பிக்கப்பில் சத்தமே வரவில்லை என்றால் வயர் அறுந்ததா, பிக்கப்பே போனதா என்று அங்கேயே கண்டுபிடிக்க முடியாது. விலையைக் குறைத்தால்தான் வாங்க வேண்டும்.

பழைய கம்பியின் சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாதக்கணக்கில் கிடந்த கம்பி எந்த பேஸையும் மந்தமாக்கும். புது செட் செலவை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். கம்பியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். தொடங்குபவருக்கு 45 முதல் 105 வரை உள்ள வழக்கமான செட்டைவிட 40 முதல் 95 வரை உள்ள மெல்லிய செட் விரலுக்கு இதம். செட் மாற்றினால் இழுவை குறையும். நெக் வளைவை மறுபடி பார்க்க வேண்டும்.

ஐந்து கம்பி பேஸ், ஃப்ரெட் இல்லாத பேஸ் இரண்டும் முதல் கருவியாக வேண்டாம். வீட்டில் சாதாரண கிட்டார் ஆம்ப் இருந்தால் குறைந்த சத்தத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். சத்தத்தை ஏற்றினால் பேஸின் கீழ்ச்சுரங்கள் அதன் ஸ்பீக்கரைக் கிழித்துவிடலாம். கையில் இருக்கும் பணத்தில் ஹெட்போன் ஆம்புக்கும் ஸ்ட்ராப்புக்கும் முதலிலேயே ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டு, மீதியில் பேஸைத் தேடுங்கள்.