புளியங்கொட்டை வைத்துப் போக்கர்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் ஆனி, ஆடி மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். அந்த மாதிரி நாட்களில் நாங்கள் நாலு பேர், நானும் பெரியப்பா மகன் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரும், திண்ணையில் சீட்டுக்கட்டோடு உட்காருவோம். முன்பெல்லாம் கழுதையும் இருபத்தெட்டும்தான். இப்போது மூன்று வருடமாகப் போக்கர், அதிலும் டெக்ஸாஸ் ஹோல்டெம்.

விதிகள் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு, அது ஃபிளாப். அப்புறம் ஒன்று, அது டேர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். சீட்டு விழும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், ஃபோல்டு செய்து விலகலாம். மொத்தம் ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாரிடமோ, நடுவில் சேர்ந்த பந்தயக் குவியல் அவருக்கு. விதி தெரிந்த பிறகு ஆட்டம் முன்னேற வேண்டுமென்றால் சில பழக்கங்கள் வேண்டும். அவற்றை நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: காசை வெளியே வையுங்கள்

வீட்டில் புளி குத்தும் நாளில் ஒரு பை கொட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நூறு. இணையத்தில் பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே தடைச்சட்டம் கொண்டுவந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், காசு போகிற பயத்தில் இருக்கிறவருக்குக் கணக்கு ஓடாது. அதற்காகக் கொட்டையை அள்ளி வீசவும் கூடாது. நூறும் தீர்ந்தால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது, கடன் கிடையாது. இந்த ஒரு விதி இருந்தால்தான் பத்துக் கொட்டை தள்ளும்போது கை கொஞ்சம் யோசிக்கும்.

இரண்டாம் படி: மடக்கிப் பழகுங்கள்

52 சீட்டில் இரண்டு சீட்டு மொத்தம் 1,326 விதமாக அமையலாம். ஜோடியாக வருவது 17 தடவைக்கு ஒரு தடவை. ஏஸ் ஜோடி 221 தடவைக்கு ஒரு தடவை. வருகிற கைகளில் பெரும்பாலானவை சாதாரணக் கைகள்தான். தொடக்கத்தில் நாலு கைக்கு மூன்றை ஃபோல்டு செய்யுங்கள் என்பேன். சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில்தான் மற்றவர்களைக் கவனிக்க முடியும்: யார் எதற்கெல்லாம் வருகிறார், யார் நல்ல கை இருந்தால் மட்டும் வருகிறார் என்று.

மூன்றாம் படி: குவியலை எண்ணுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் கையில் இரண்டு ஆர்ட்டின். டேர்ன் வரை விழுந்த நாலு பொதுச் சீட்டில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஃபிளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனச் சீட்டு. நீங்கள் பார்த்தது ஆறு சீட்டு, பாக்கி 46. பதின்மூன்று ஆர்ட்டினில் நாலு போக ஒன்பது அந்தப் பாக்கியில் இருக்கிறது. ஆக 46-க்கு 9, ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று.

குவியலில் 40 கொட்டை கிடக்கிறது. எதிராளி 20 வைக்கிறார். நீங்களும் 20 வைத்தால் மொத்தம் 80. அதாவது 80-ல் கால் பங்கை நீங்கள் போடுகிறீர்கள். நாலுக்கு ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். உங்களுக்கு இருப்பதோ ஐந்துக்கு ஒன்று. ஃபோல்டு. இதே இடத்தில் அவர் 10 மட்டும் வைத்திருந்தால், நீங்கள் போடுவது 60-ல் 10, ஆறுக்கு ஒன்று ஜெயித்தாலே போதும். தாராளமாக 10 வைத்துத் தொடருங்கள்.

எண்ணைச் சொன்னால் மனசு நம்பாது, கைதான் நம்ப வைக்கும். ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். நாலு ஆர்ட்டினையும் வேறு இரண்டு சீட்டையும் எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சம் 46-ஐ நன்றாகக் கலைத்து மேல் சீட்டைத் திருப்புங்கள். ஆர்ட்டின் என்றால் ஒரு கோடு. திரும்பக் கலையுங்கள். ஐம்பது தடவை. பத்துக் கோடு பக்கத்தில் வர வேண்டும். எனக்கு முதல் நாள் ஆறுதான் வந்தது, அடுத்த நாள் பதின்மூன்று. கணக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். ஒரே ஒரு கையை வைத்து ‘நான் செய்தது சரியா’ என்று தீர்மானிப்பதை அன்றோடு விட்டேன்.

நான்காம் படி: நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். முக்கியமான கை முடிந்ததும் நாலு விஷயம் எழுதுங்கள்: என்ன சீட்டு, குவியல் எவ்வளவு, என்ன செய்தேன், ஏன். யார் ஜெயித்தார் என்பதை எழுத வேண்டாம். ஓரத்தில் ‘சரி’, ‘தப்பு’, தெரியவில்லை என்றால் ஒரு கேள்விக்குறி.

மேலே சொன்ன அந்த 40-க்கு 20 கை எனக்கு நிஜமாகவே வந்தது. ஃபோல்டு செய்தேன். ரிவரில் ஆர்ட்டின் ஏழு விழுந்தது. அண்ணன் தொடையில் தட்டி, “லேய் மக்கா, நின்னிருந்தா மொத்தமும் உனக்குத்தானேடே!” என்றான். வயிறு எரிந்தது. ஆனாலும் நோட்டில் ‘சரி’ என்றுதான் எழுதினேன். இன்னொரு நாள் ஏஸ் ஜோடி வைத்து ராஜா ஜோடியிடம் தோற்றேன். ஃபிளாப் விழும் முன்பே எல்லாவற்றையும் வைத்துவிட்டால் ஏஸ் ஜோடிக்கு நூற்றில் ஏறக்குறைய 82 தடவை வெற்றி, மிச்சம் 18 தடவை தோல்விதான். அதற்கும் ‘சரி’.

ஐந்தாம் படி: சூடு ஏறினால் எழுந்திருங்கள்

பெரிய கை ஒன்று போனதும் அடுத்த கையிலேயே பிடித்துவிட வேண்டும் என்று தோன்றும். காது சூடாகும், குவியலை எண்ண மறக்கும். அப்போது இரண்டு கை விட்டுவிட்டு எழுந்து போய் ஒரு கட்டன் சாயா குடியுங்கள். முடிக்கும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு எட்டு மணி. தோற்றுக்கொண்டிருந்தாலும் எட்டுதான். மழை விட்டால் விடியுமுன்னே வெட்டுக்குப் போக வேண்டியவர்கள் நாங்கள்.

அப்புறம், எல்லோருக்கும் கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதலான கைகளை ஆடலாம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறீர்கள். ப்ளஃப், அதாவது கையில் ஒன்றுமில்லாமல் பெரிய கை இருப்பது போலப் பந்தயம் வைப்பது, அந்தப் பக்கம் ஆறு மாதத்துக்குப் போக வேண்டாம்.

அடுத்த தடவை கூடும்போது சீட்டைக் கலைக்கும் முன் நோட்டைத் திறந்து, கேள்விக்குறி போட்ட கைகளை மட்டும் நாலு பேர் நடுவில் வாசியுங்கள். எதிரில் இருந்தவரிடமே கேளுங்கள், “அண்ணே, அன்னைக்கு நான் என்ன வச்சிருக்கேன்னு நினைச்சீங்க?” அவர் சொல்வதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு, அப்புறம் கலைத்துப் போடுங்கள்.